கடைசிப் பதினாறு பக்கம் இல்லாத புத்தகம்

கொட்டையூர்க்காரி | ஞாயிறு, காலை 6.50

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜே.டி. ராப்பின் ‘இன் டெத்’ துப்பறியும் நாவல் வரிசையை ஒன்றிலிருந்து வரிசை பிசகாமல் படித்துவருகிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது இருபதாவதுக்கு வந்துவிட்டேன். ‘சர்வைவர் இன் டெத்’, 2005இல் வந்தது. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் தபாலில் வாங்கினேன். அட்டை என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு உட்கார்ந்தேன். பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை வருகிறது. கடைசி 16 பக்கம் இல்லை. கிழித்த மாதிரியும் இல்லை, ஒரு பாரம் (சேர்த்துத் தைக்கும் பதினாறு பக்கக் கட்டு) அப்படியே கழன்று போயிருக்கிறது. விற்றவரைக் கேட்டால், “அதுவரைக்கும் கதை புரிஞ்சுதா இல்லையாம்மா?” என்கிறார்.

படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. 2059, நியூயார்க். நிக்ஸி என்ற ஒன்பது வயதுப் பெண் ராத்திரி இரண்டு மணிக்கு ஆரஞ்சுப் பானம் எடுக்க அடுப்படிக்குப் போகிறாள். போய்த் திரும்புவதற்குள் வீட்டில் இருந்த அத்தனை பேரையும் இரண்டு பேர் கொன்றுவிடுகிறார்கள். இவள் படுக்கையில் படுத்திருந்த தோழியையும். வழக்கு போலீஸ் லெப்டினன்ட் ஈவ் டல்லாஸிடம் வருகிறது. அவளும் எட்டு வயதில் டல்லாஸ் நகரத்துச் சந்து ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்தவள்தான். ஊர்ப் பெயரையே அவளுக்குப் பெயராக வைத்தார்கள். பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்ப மனசு வராமல் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறாள்.

கொன்றவர்கள் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத் தவிக்கவில்லை. நிக்ஸியை யாரிடம் ஒப்படைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்களே, அவள் கடைசியில் போனாளா? ஈவிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? இதுதான் தூங்கவிடவில்லை. யாரிடமாவது முழுப் புத்தகம் இருக்கிறதா?


தடயம் | ஞாயிறு, காலை 8.15

உங்கள் பதிவே என் கட்சிக்குச் சாட்சி. துப்பறியும் கதையில் கடைசிப் பக்கம் காணாமல் போனால் ‘யார் கொன்றது’ என்றுதான் வாசகர் துடிக்க வேண்டும். நீங்களோ ‘பிள்ளை எந்த வீட்டுக்குப் போனது’ என்று துடிக்கிறீர்கள். அப்படியானால் இது குடும்பக் கதை. கொலை அதில் ஊறுகாய்.

நான் பன்னிரண்டு வரை படித்துவிட்டு நிறுத்தினேன். தகவல் எங்கேயாவது முட்டி நின்றால் ஈவின் கணவர் ரோர்க் தன் ரகசிய அறையைத் திறக்கிறார். அரசாங்கத்தின் ‘கம்ப்யூகார்ட்’ கண்ணில் படாத, பதிவு செய்யாத கணினிகள் அங்கே இருக்கின்றன. பத்து நிமிடத்தில் பூட்டெல்லாம் திறந்துகொள்கிறது. உலகத்தில் பாதி அவர் சொத்து, மீதியை விலை பேசிக்கொண்டிருக்கிறார். துப்பறிகிறவளுக்கு இப்படி ஒரு புருஷன் அமைந்தால் துப்பு எதற்கு?


கல்சட்டி | ஞாயிறு, காலை 9.30

தேவகோட்டையிலிருந்து. என்னிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது, கொட்டையூர் ஆத்தா. முழுசாக இருக்கிறது. ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். இரவல் கொடுத்துப் போன நான்கு புத்தகத்துக்கு இன்னும் கணக்கு வரவில்லை. வந்து படித்துவிட்டுப் போ.

தடயம் தம்பிக்கு ஒன்று. ரோர்க்கின் பணம் வழக்கைச் சுலபமாக்குகிறது என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தப் பணம் அவளைப் படுத்தும் பாடுதான் பிடித்திருக்கிறது. மாளிகை மாதிரி வீடு, அத்தனை அறை, அவளுக்கு ஒரு மேஜையும் காபியும் போதும். பிளேடு மாதிரி ஒரு சூட் தைத்துக் கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு ரத்தத்தில் மண்டியிடுகிறாள். எங்கள் வளவு வீட்டில் வாக்கப்பட்டு வந்த புதுசில் எனக்கும் அப்படித்தான். பட்டாலை எங்கே, இரண்டாங்கட்டு எங்கே என்று பழகவே மாசக்கணக்கானது. பெட்டக அறைச் சாவியை மாமியார் கையில் கொடுத்தபோது எதற்கு எந்தச் சாவி என்று தெரியாமல் முழித்தேன். பணக்கார வீட்டுக்குள் ஏழை மனசு எப்படி நடக்கும் என்று எழுதிய இந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.


மின்கலம் | ஞாயிறு, காலை 10.05

தடயம் சொல்வதில் பாதி சரி. முதல் புத்தகத்தில் ரோர்க் உதவியாளரே இல்லை என்பதை மட்டும் மறந்துவிட்டார். 1995இல் வந்த ‘நேக்கட் இன் டெத்’தில் அவர் சந்தேகப் பட்டியலில் இருக்கிற ஆள். கொலை துப்பாக்கியால் நடக்கிறது. 2058இல் துப்பாக்கி பொதுமக்களிடம் இருக்கக் கூடாது, தடை. போலீஸுக்கே மயக்கிச் சாய்க்கும் ‘ஸ்டன்னர்’தான். ஆக, துப்பாக்கி என்றால் பழம்பொருள். யாரிடம் இருக்கும்? சேகரிப்பவரிடம். ரோர்க் சேகரிப்பவர். இதைவிடச் சுத்தமான துப்பு உண்டா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் வரும். எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, யார் வீட்டு நிலையோ, யார் ஐயா படமோ. ஒரு சாமான் புழக்கத்திலிருந்து போய்க் காட்சிப் பொருளானதும் அதன் குணமே மாறிவிடுகிறது. துப்பாக்கியை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்த ஒரு யோசனைக்காகவே முதல் புத்தகத்துக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன்.


புதுவயல் | ஞாயிறு, காலை 11.20

அண்ணே, அக்கா, நான் கல்லூரி இரண்டாம் வருடம். நாலு நாளைக்கு முன்னால்தான் முதல் புத்தகம் ஆரம்பித்தேன். மொத்தம் எத்தனை? எல்லாம் படிக்கணுமா? நடுவில் நல்லதாக நாலு சொன்னால் போதும்.


ஜன்னலோரம் | ஞாயிறு, மதியம் 12.40

தம்பி, உட்கார்ந்துகொள்ளுங்கள். 1995இல் தொடங்கியது, பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு. 2025இல் வந்த ‘பாண்டட் இன் டெத்’ அறுபதாவது. அதே வருடம் அறுபத்தொன்றும் வந்துவிட்டது. இடையிடையே குறுநாவல்கள் தனி. எல்லாத் தலைப்பும் ‘இன் டெத்’ என்றே முடியும், ஒன்றே ஒன்றைத் தவிர. 2011இல் வந்த ‘நியூயார்க் டு டல்லாஸ்’. ஏன் அதற்கு மட்டும் என்பதை அங்கே போகும்போது நீங்களே உணர்வீர்கள்.

எழுதியவர் நோரா ராபர்ட்ஸ். காதல் கதைகளில் ஏற்கெனவே பெரிய பெயர். வேகமாக எழுதுகிறவர், ஒரே பெயரில் அத்தனையும் வெளியிட முடியாத அளவுக்கு. அதனால் புனைபெயர். மகன்கள் ஜேசன், டான் பெயர்களின் முதலெழுத்து ஜே.டி., ராபர்ட்ஸைச் சுருக்கினால் ராப். அம்மாக்கள் பெயர் வைத்தால் அப்படித்தான்.

வேலை சென்னையில், வீடு பள்ளத்தூரில். எனக்குப் புத்தகம் இல்லை, காதில்தான். சூசன் எரிக்சன் என்பவர் ஒலிப்புத்தகம் வாசிக்கிறார். எழும்பூரில் பல்லவன் ஏறினால் காரைக்குடி வருவதற்குள் அரைப் புத்தகம். ரோர்க்கின் அயர்லாந்து இழுவை, ஈவின் உதவியாளர் பீபாடியின் புலம்பல், கணினித் துப்பறிவாளர் மெக்நாபின் துள்ளல், எல்லாம் ஒரே தொண்டையில். விருத்தாசலத்தில் ஒருத்தர் தோளைத் தட்டி, “தம்பி, ஏன் தனியா சிரிக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை எல்லோருக்கும்: கொட்டையூர்க்காரி இருபதில் நிற்கிறார், புதுவயல் ஒன்றில். அதற்குமேல் யாரும் உளறாதீர்கள்.


கொட்டையூர்க்காரி | ஞாயிறு, மதியம் 2.10

புதுவயல் தம்பி, நடுவில் நாலு எடுத்துப் படிக்காதீர்கள். ஏன் என்பதற்கு என்னிடம் இருக்கும் அரைகுறைப் புத்தகமே சான்று. நிக்ஸியை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற தம்பதி யார் தெரியுமா? எலிசபெத் பாரிஸ்டர், ரிச்சர்ட் டிப்ளாஸ். முதல் புத்தகத்தில், அந்தப் பழைய துப்பாக்கியால் செத்துப்போகிற பெண்ணின் அப்பா அம்மா. இருபதை மட்டும் தனியாகப் படித்தால் அவர்கள் யாரோ நல்ல மனுஷர்கள், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து வந்தால், அவர்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது செத்துப்போன மகளும் கூடவே வருகிறாள். எனக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

தடயம் சார், இதற்குப் பெயர் துப்புத்தான். பத்து வருடம் முன்பு போட்ட முடிச்சு.


கல்சட்டி | ஞாயிறு, மதியம் 3.00

பிள்ளை கூட்டிக்கொள்வது, அதான் தத்தெடுப்பது, நமக்குப் புதுசா என்ன. புள்ளி (குடும்பக் கணக்கு) அற்றுப்போகக் கூடாது என்று பங்காளி வீட்டில் பார்த்துக் கூட்டுவார்கள். ஆனால் கூட்டியதெல்லாம் ஆண்பிள்ளைதான். பெண்பிள்ளையை, அதுவும் ஒன்பது வயதில், இத்தனையையும் கண்ணால் பார்த்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டதாக எங்கள் பக்கம் நான் கேட்டதில்லை. அதனாலேயே அந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தேன். குலம் தழைக்க அல்ல, அந்தப் பிள்ளை ராத்திரி தூங்க வேண்டும் என்பதற்காக.


தடயம் | ஞாயிறு, மாலை 4.30

ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல முடிச்சு. ஆனால் என் பெரிய புகார் அப்படியேதான் இருக்கிறது. காலம்! 1995இல் தொடங்கிய கதை 2058 பிப்ரவரி வாக்கில் ஆரம்பிக்கிறது. முப்பது வருடம் எழுதி 2061க்குத்தான் வந்திருக்கிறார்கள். நான் கல்யாணமாகாத பையனாகத் தொடங்கினேன், இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஈவுக்கு முப்பது வயது, இன்றைக்கும் முப்பத்துச் சொச்சம். மூன்று வருடத்தில் அறுபது பெரிய வழக்கு ஒருத்திக்கு வருமா? மாதம் ஒன்றுக்கு மேல் தொடர் கொலைகாரன். நியூயார்க்கில் ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

நம்மூர் துப்பறிவாளர்களுக்கும் வயதாகாது, அது வேறு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எந்த வருடத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த அம்மாவோ தேதி போட்டு எழுதுகிறார். தேதி போட்டால் கணக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும்.


கல்சட்டி | ஞாயிறு, மாலை 6.15

கணக்கு என்று சொல்லிவிட்டீர்களா, இனி என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டிலோ நான்கு தலைமுறை லேவாதேவி.

எங்கள் ஐயா பினாங்குக்குக் கணக்குக்குப் போனவர். மூன்று வருடம் என்று பேச்சு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் பார்க்க, போகிறவர்கள் அப்போது அப்படித்தான் போவார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு கணக்கு முடித்து ஐந்தொகை போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அங்கே பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி வந்தார். அந்தப் படிகளை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கேட்போம். அதே மூன்று வருடத்தை அவர் சொல்லி முடிக்க முப்பது வருடமானது. ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு ஆள் வருவான், புதுசாக ஒரு திருட்டு, ஒரு கப்பல். ஒரு நாளும் “மூன்று வருடத்தில் இவ்வளவு நடக்குமா ஐயா” என்று கேட்டதில்லை. எங்கள் அப்பத்தா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நீங்க அங்க தூங்கவே இல்ல போல” என்பார்.

இந்தக் கதையிலும் பீபாடியைப் பாருங்கள். சீருடைப் போலீஸாக, பெட்டியடிப் பையன் மாதிரித்தான் வருகிறாள். பதினேழாவது புத்தகத்தில் தேர்வு எழுதித் துப்பறிவாளராகிறாள், அதற்கப்புறம் ஈவின் ஜோடி. அந்தத் தேர்வு முடிவுக்காக அவள் படும் பாட்டில் கொலையையே மறந்துவிட்டேன். கதைக்குள் ஒன்றரை வருடம், எனக்கு வெளியே எட்டு. அவள் தேறியபோது சொந்தப் பேத்தி தேறின மாதிரி இருந்தது. வருடத்தைக் கதையில் ஓட்டியிருந்தால் அந்தத் தேர்வு ஒரு வரியில் முடிந்திருக்கும்.


ஜன்னலோரம் | ஞாயிறு, மாலை 6.40

ஆச்சி, இதற்கு மேல் தடயம் சாருக்குப் பேச இடமில்லை.


தடயம் | ஞாயிறு, இரவு 7.05

இருக்கிறது. உங்கள் ஐயா வருடத்துக்கு இரண்டு புத்தகம் போட்டு விற்கவில்லை.


மின்கலம் | ஞாயிறு, இரவு 8.20

சண்டையை விட்டு எதிர்காலத்துக்கு வாருங்கள். மின்வேதியியலில் வேலை பார்த்தவன் என்பதால் நான் இந்தக் கதைகளில் முதலில் தேடுவது, ‘மின்சாரம் எங்கிருந்து வருகிறது’ என்பதுதான். அந்த அம்மா அதைச் சொல்லவே மாட்டார்! கார் நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும், வீட்டு வேலைக்கு ‘ட்ராய்டு’ என்ற இயந்திர மனிதன் வரும், விண்வெளியில் உல்லாச விடுதி இருக்கும். நான்காவது புத்தகம் தேனிலவோடு தொடங்குவதே அங்கேதான். எதற்கும் சார்ஜ் போட்டதாக ஞாபகம் இல்லை. லித்தியம் அயனி மின்கலம் 1991இல்தான் கடைக்கு வந்தது. 1995இல் எழுத உட்கார்ந்தவருக்கு அது உலகத்தை இப்படி மாற்றும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் சில இடத்தில் குறி தப்பவில்லை. எல்லோர் கையிலும் முகம் பார்த்துப் பேசுகிற ‘லிங்க்’. ஈவ் எந்தக் கொலைக் களத்துக்குப் போனாலும் முதலில் ‘ரெக்கார்ட் ஆன்’ என்று சொல்லி உடம்பில் மாட்டிய பதிவுக் கருவியை இயக்குகிறாள். இன்று போலீஸ்காரர் நெஞ்சில் கேமரா இருக்கிறது. கைக்கும் காலுக்கும் ‘சீல் இட்’ என்று ஒரு பூச்சை அடித்துக்கொள்கிறாளே, அதை யாராவது கண்டுபிடித்தால் எங்கள் ஆய்வகத்தில் முதலில் வாங்கியிருப்போம்.

தப்பியது ஒன்று, டிஸ்க். 2058இலும் தகவலை வட்டில் எழுதிக் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தமிழில் சுஜாதாவின் இயந்திர நாய்க்குட்டி ஜீனோவோடு நாம் பார்த்த எதிர்காலமும் இப்போது கடந்த காலம்தானே. சாதனம் மாறிவிடும், ஜீனோவை யாராவது மறந்தோமா?


புதுவயல் | ஞாயிறு, இரவு 9.00

காபி! அதைச் சொல்லாமல் விட்டீர்களே. நான் நிற்பது அங்கேதான். அந்தக் காலத்தில் அசல் காபி கிடைக்காது, போலிக் கஷாயம்தான். ரோர்க் அவளுக்கு அசல் காபிக்கொட்டைப் பொடியை ஒரு பை அனுப்புகிறார். நகை அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். காபிக்கு மடங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் காலையில் டிகாஷன் இறங்கும் வாசனைக்கு நடுவில் அதைப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் போகிறது. மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே படிக்கிறேன். ஈவ் ரோர்க்கை ‘நீ’ என்பாளா, ‘நீங்கள்’ என்பாளா? ஒவ்வொரு பக்கத்திலும் இங்கேயே மாட்டிக்கொள்கிறேன்.


கொட்டையூர்க்காரி | ஞாயிறு, இரவு 9.25

அய்யோ தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள், இதை யோசித்தே ஒரு கோடை விடுமுறை போயிருக்கிறது.

முதல் புத்தகத்தில் அவள் அவரை விசாரிக்கிறாள். போலீஸ் விசாரணை, எதிரில் பெரிய மனுஷர். ‘நீங்கள்’தான். கோபம் ஏறும் ஒரு இடத்தில் ‘நீ’ என்று வந்துவிட வேண்டும், அவளே கவனிக்காமல். ரோர்க் கவனிப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு எழுத்தில் காதல் தொடங்கிவிடும். இங்கிலீஷில் இதற்கு வழியே கிடையாது. அங்கே எழுதியவருக்கு இரண்டு பக்கம் வேண்டியிருக்கிறது.

பீபாடி? ‘சார்’. ஈவுக்கு ‘மேடம்’ என்றால் ஆகாது, ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழில் அது அப்படியே உட்காரும், நம் ஊர்க் காவல்நிலையத்திலும் ‘சார்’தான் ஓடுகிறது. ஆனால் ஈவ் பீபாடியை ‘நீங்கள்’ என்பாளா, ‘வா, போ’ என்பாளா? ‘வா போ’தான். அன்பை அதட்டலில் வைத்திருப்பவள்.

என்னால் தீர்க்க முடியாதது சம்மர்செட்.


ஜன்னலோரம் | ஞாயிறு, இரவு 9.50

சம்மர்செட் ‘நீங்கள்’. இதில் என்ன யோசனை? வீட்டு நிர்வாகி, முதலாளி மனைவி. அந்த ‘நீங்கள்’ளில் ‘நீயெல்லாம் ஒரு ஆளா’ என்பது கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒலிப்புத்தகத்தில் அவர் ‘லெப்டினன்ட்’ என்று சொல்லும்போது கதவை முகத்தில் சாத்தின மாதிரி இருக்கும். அதே ‘லெப்டினன்ட்’டை ரோர்க் சொன்னால் கொஞ்சல். ஒரே சொல், ஒரே வீடு. அந்தப் படிக்கட்டில் அவர் பூனை தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட புத்தகத்தில் (பதினாறு, தடயம் சாரும் புதுவயலும் மன்னிக்க) ஈவ் அவருக்காகப் பதறிவிட்டு, பதறியதை மறைக்கப் படும் பாடு இருக்கிறதே!


கல்சட்டி | ஞாயிறு, இரவு 10.10

இல்லை ஜன்னலோரம். சம்மர்செட்டுக்கு ‘நீங்கள்’ போதாது. எங்கள் வீட்டில் முப்பது வருடம் இருந்த கணக்கப்பிள்ளை, பிடிக்காத மாப்பிள்ளையிடம் நேராகப் பேசவே மாட்டார். “மாப்பிள்ளைக்குக் காபி வேணுமாமா?” என்று மாப்பிள்ளை முன்னாலேயே தூணைப் பார்த்துக் கேட்பார். “லெப்டினன்ட் இன்றைக்காவது சட்டையில் ரத்தமில்லாமல் வந்திருக்கிறார்.” இப்படித்தான் வர வேண்டும். படர்க்கையில் பேசினால் மரியாதையும் கெடாது, குத்தும் தப்பாது.


கொட்டையூர்க்காரி | ஞாயிறு, இரவு 10.14

ஆச்சி!!! இதுதான். ஒரு கோடை விடுமுறையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.


தடயம் | திங்கள், காலை 7.30

ராத்திரி முழுக்கத் தூணைப் பார்த்துப் பேசும் கணக்கப்பிள்ளையே மனசில் ஓடினார். சரி, இன்னொன்று. ஈவ் பழமொழிகளைத் தப்பும் தவறுமாகச் சொல்வாளே, அதை என்ன செய்வீர்கள்? இங்கிலீஷ்ப் பழமொழியை அப்படியே தமிழாக்கினால் நல்லதே புரியாது, தப்பானது எங்கே புரியும்?


மின்கலம் | திங்கள், காலை 8.00

நம் பழமொழியைத்தான் அவள் வாயில் கோணலாக்க வேண்டும். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று பீபாடி சொன்னால், ‘யானை எதற்குச் சறுக்குமரத்தில் ஏறியது?’ என்று ஈவ் கேட்பாள். உண்மையிலேயே புரியாமல் கேட்பாள். அதுதான் முக்கியம். அவள் கிண்டல் செய்வதில்லை. பாட்டி சொல்லிக் கேட்டு வளராத பிள்ளைக்குப் பழமொழி எப்படித் தெரியும்?


தடயம் | திங்கள், காலை 8.20

இப்படி நான் யோசித்ததில்லை. நகைச்சுவைக்காகச் சேர்த்தது என்று எரிச்சலோடு தாண்டிவிடுவேன்.

சரி, பதின்மூன்று யாரிடமாவது இருக்கிறதா? படிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. இருக்கிறதா என்று கேட்டேன்.


புதுவயல் | திங்கள், காலை 9.10

ஈவின் தோழி மேவிஸுக்கு இருபத்துமூன்றில் குழந்தை பிறக்குமாமே, இணையத்தில் பார்த்தேன்.


ஜன்னலோரம் | திங்கள், காலை 9.12

தம்பி!! முதல் புத்தகத்தில் நின்றுகொண்டு இருபத்துமூன்றைப் பார்க்கச் சொன்னது யார்? கொட்டையூர்க்காரி இதைப் படிக்காமல் தாண்டிப் போகவும்.


கொட்டையூர்க்காரி | திங்கள், காலை 10.30

படித்துவிட்டேன். பரவாயில்லை, இருபதிலேயே அவள் வயிறும் குதூகலமுமாகத்தான் திரிகிறாள். ஈவ்தான் பிரசவம் என்ற சொல்லுக்கே வெளிறிப்போகிறாள், பிணத்துக்கு வெளிறாதவள். புதுவயல் தம்பிக்குத் தண்டனை: அடுத்த வாரம் எனக்குக் கூடவே தேவகோட்டை வர வேண்டும். ஆச்சி, ஞாயிறு வரலாமா?


கல்சட்டி | திங்கள், காலை 11.00

வாருங்கள். பத்து மணிக்குமேல் வாருங்கள், அதற்கு முன்னால் கூட்டுகிறவர் வர மாட்டார், முகப்பெல்லாம் புறா எச்சம். வெள்ளைப் பணியாரம் சுடுகிறேன். பக்கத்தைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது, அது எழுதியவர் சோறு.


கொட்டையூர்க்காரி | ஞாயிறு, இரவு 8.40

போய்விட்டு வந்தாயிற்று.

காரைக்குடியிலிருந்து பஸ். தம்பி வழியெல்லாம் இரண்டாம் புத்தகம் படித்துக்கொண்டு வந்தார், அதுவே பெரிய விஷயம். ஆச்சி வீட்டில் ஆள் புழங்குவது பட்டாலையும் அதை ஒட்டிய இரண்டு அறையும்தான். மற்றதெல்லாம் கல்யாணத்துக்குத் திறப்பதாம். ஆத்தங்குடிக் கல் அத்தனை குளிர்ச்சி, காலை எடுக்க மனசில்லை. அந்த வரிசைப் புத்தகங்களை ஆச்சி பெட்டக அறையில், ஒரு காலத்தில் வெள்ளிச் சாமான் இருந்த அலமாரியில் வைத்திருக்கிறார். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பென்சிலில் படித்து முடித்த தேதியும் கீழே ஒரு வரியும். இருபதாவதில் இருந்தது: ‘காலை 3.20. தூணுக்கும் அழுகை வரும்.’

கூடத்துத் தூணில் சாய்ந்து அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்தேன். என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன், தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தார், அவரிடமும் சொல்லவில்லை. பதினாறு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஆச்சி காபியை வைத்துவிட்டுப் போனதே தெரியவில்லை, ஆறிப்போய்விட்டது. அவர் என்னைக் கேட்காமல், தூணைப் பார்த்து, “கொட்டையூர் டீச்சருக்கு வேற காபி வேணுமாமா?” என்றார்.

தடயம் சாருக்கு: பதின்மூன்று ஆச்சியிடம் இருக்கிறது. வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும், நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எனக்கு மட்டும் இரவல் கொடுத்தார், இருபத்தொன்று. வாசலில் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் கடைசிப் பக்கம் வரை எண்ணிப் பார்த்துத்தான் பைக்குள் வைத்தேன்.